எங்கிருந்தும் வாராதார் சங்கம்

சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர் முன் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பாட்டு கைக்கு வந்தது. பாடியவர் பெயர் வரவில்லை. அதற்கு அவர்கள் அழகியதொரு வழி கண்டனர். பாட்டினுள் ஒளிர்ந்த ஒரு தொடரையே எடுத்துப் பாடியவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார் என்றும் தேய்புரிப்பழங்கயிற்றினார் என்றும் இன்று நாம் வழங்கும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவையே. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தபோதும் புலவர் மறையவில்லை.

கவிஞர்க்கு வாய்த்த இப்பேறு சமைப்போர்க்கு வாய்ப்பதில்லை. ஆக்கியது அன்றே உண்ணப்படும். இலை எடுத்ததும் அவர் படைப்பு இல்லாது போகும். இளையான்குடி மாறநாயனார் வரலாற்றை நினைவுகூர்தல் ஈண்டுத் தகும். மழை பெய்யும் நள்ளிரவில் விருந்தினர் வந்தார். நாயனார் அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்தார். விறகில்லை என்றதும் வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்துத் தந்தார். குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்து வந்தார். அதன்பின் நடந்ததைப் பலரும் விரைந்து படித்துச் சென்றுவிடுகின்றனர். அந்த ஒரே கீரையை அவர் மனைவியார் வெவ்வேறு கறியமுதுகளாகச் சமைத்து வைத்தார். அவ்விரவின் முதல் அற்புதம் அதுவே என்று கொண்டாலும் பிழையாகாது. சிவபெருமான் சோதியாய்த் தோன்றியது அதற்குப் பின்னர்தான். எனினும் புராணம் கணவர் பெயரால் அமைந்தது.

தொலைவில் தேடவும் வேண்டா. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக்கின் பெயரை அறியாத வீடில்லை. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயாத வருசநாட்டுப் பக்கத்தும், மூல வைகைக் கரையில் அமைந்த கடமலைக்குண்டிலும்கூட அப்பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது. தகும். ஆனால் அந்த மலைக்காட்டில் எட்டாண்டுக் காலம், காய்ச்சலுக்கும் காட்டு விலங்குக்கும் நடுவே உழைத்த ஆயிரக்கணக்கானோர்க்கு உலை வைத்தவர் எவர் என்று எவரும் கேட்பதில்லை. அணை நின்றது; அணை கட்டியவர் உண்ட சோறு வரலாற்றில் நிற்கவில்லை.

இவ்வாறு பெயர் மறைவது வரலாற்றின் பாராமுகத்தால் நேர்வது. இதனின் வேறான ஒரு மறைவும் உண்டு. சமைத்தவர்களே தம் பெயரை வேண்டுமென்று மறைத்துக்கொண்டு, அம்மறைவையே படைக்கலமாக்கிய வரலாறு அது. அது நடந்த ஊர் அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி. மறைந்து நின்ற அப்பெண்டிர் அனைவர்க்கும் முன்னின்று, தம் பெயரை மட்டும் மறைக்காமல் விட்டு, அதற்குரிய விலையையும் கொடுத்தவர் ஜார்ஜியா தெரசா கில்மோர் என்னும் சமையற்கார அம்மையார்.

அவர் 1920 பிப்ரவரி 5ஆம் நாள் பிறந்தவர். ஆறு மக்களைப் பெற்றவர். மருத்துவச்சியாகப் பிள்ளைப்பேறு பார்த்தும், பிறர் அடுப்படியில் சமைத்தும் குடும்பத்தைக் காத்தவர். 1955இல் அவர் வேலை பார்த்து வந்தது நேஷனல் லஞ்ச் கம்பெனி என்னும் உணவு விடுதியில். அங்குச் சமைப்பவர் கறுப்பினத்தார். அமர்ந்து உண்பவர் வெள்ளையர். தாம் ஆக்கியதைத் தாம் அங்கே அமர்ந்து உண்ணும் உரிமை ஆக்கியவர்க்கு இல்லை. தென் மாவட்டத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டு வளர்ந்தவர்க்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டுவதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே தாழ்த்தப்பட்டவர் கை பட்ட சோறே தீட்டு என்றனர். அங்கே அவர் கைச்சோறு வேண்டும். அவர் உடனமர்வதுதான் ஆகாது. இரண்டில் எது கொடிது என்று அளந்து பார்ப்பது வீண் வேலை.

அம்மையார் ஹோல்ட் தெருப் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். பாப்டிஸ்ட் சபைகளின் அமைப்பை ஒரு சொல் விளக்கினால்தான் பின்வருவன புலனாகும். அறிவறிந்த வயதில் தாமே விரும்பி வருவோரை நீரில் முழுதும் அமிழ்த்தித் திருமுழுக்குத் தருதல் அச்சபையார் வழக்கம். மேலே பேராயர் என்று எவரும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். தன் போதகரைத் தானே தேர்ந்து, தன் காணிக்கையிலிருந்தே அவர்க்கு ஊதியம் தரும். கறுப்பினப் போதகர்க்குச் சோறு போட்டது கறுப்பின மக்களின் காசே ஆதலின், வெள்ளை முதலாளி எவரும் அவரை வேலையைவிட்டு நீக்க இயலாது. ஆசிரியரையும் பணிப்பெண்ணையும் ஓட்டுநரையும் ஒரே நாளில் தெருவில் நிறுத்திவிடக்கூடிய ஊரில், பேசத் துணிந்த குரல் சபை மேடையிலிருந்து எழுந்ததற்கு இது முதன்மையான காரணம். ஆயினும் அம்மேடையும் மூப்பர் பதவியும் அந்நாளில் பெரும்பாலும் ஆடவர்க்கே உரியனவாய் இருந்தன. பெண்டிர்க்குரிய இடம் பாடற்குழுவும் சபை விருந்தின் அடுப்படியும். ஜார்ஜியா அம்மையார் மூப்பர்க்குரிய பணியை அடுப்படியில் நின்றபடியே செய்தார் எனலாம்.

மாண்ட்கோமரிப் பேருந்துகளில் முன்வரிசைகள் வெள்ளையர்க்கு உரியவை. கறுப்பினத்தார் முன்வாயிலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, இறங்கிச் சென்று பின்வாயில் வழியே மீண்டும் ஏற வேண்டும் என்று ஓட்டுநர் பலர் வற்புறுத்துவர். 1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் அம்மையார் முன்வாயிலில் ஏறிக் காசு கொடுத்தார். ஓட்டுநர் இறங்கிப் பின்வழியே வரச் சொன்னார். அவர் இறங்கினார், பின்வாயிலை அடையுமுன் வண்டி போய்விட்டது. கொடுத்த காசும் போயிற்று. இனி இந்தப் பேருந்தில் ஏறுவதில்லை என்று அன்றே அவர் தமக்குள் உறுதி செய்துகொண்டார். ஊர் திரண்டு புறக்கணிக்கும் முன்பே ஒரு பெண்மணி தனியாகப் புறக்கணித்துக்கொண்டிருந்தார் என்பது இதனால் பெறப்படும்.

1955 டிசம்பர் முதல் நாள் ரோசா பார்க்ஸ் அம்மையார் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானதை உலகம் அறியும். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுத்து ஊரெங்கும் பரப்பியதை அறிந்தோர் சிலரே. டிசம்பர் 5ஆம் நாள் புறக்கணிப்புத் தொடங்கியது. அன்று மாலை ஹோல்ட் தெருச் சபையில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். உள்ளே இடமின்றித் தெருவில் ஒலிபெருக்கியின் கீழ் நின்றோரே மிகுதி. இருபத்தாறு வயதுப் போதகராகிய மார்ட்டின் லூதர் கிங் அன்று ஆற்றிய உரையோடு ஒரு பெரும் இயக்கம் பிறந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அதே மாலையில் அதே இடத்தில் இன்னொன்றும் பிறந்தது. ஜார்ஜியா அம்மையாரும் தோழியர் சிலரும் தமக்குள் 14 டாலர் திரட்டிக் கோழியும் ரொட்டியும் கீரையும் வாங்கினர். கோழியைப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து, பொதியாகக் கட்டிக் கூட்டத்தாரிடம் விற்றனர். வந்த காசு இயக்கத்திற்குப் போயிற்று.

பேருந்துப் பயணிகளில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் கறுப்பினத்தார். அத்தனை பேரும் வேலைக்குப் போய் வர வேண்டுமே! பலர் நடந்தனர். நடக்க இயலாதார்க்கு இயக்கத்தார் வாடகையில்லா வண்டிகளை ஏற்பாடு செய்தனர். முந்நூறுக்கு மேற்பட்ட கார்கள் நாள்தோறும் ஓடின. சபைகளின் பெயரால் வாங்கிய பெரிய வண்டிகளை மக்கள் உருளும் சபைகள் என்றே அழைத்தனர். வண்டி ஓடப் பெட்ரோல் வேண்டும், பழுது பார்க்க வேண்டும், காப்பீடு வேண்டும். உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டபோது இலண்டனிலுள்ள லாயிட்ஸ் வரை போக நேர்ந்தது. இவையனைத்திற்கும் பணம் எங்கிருந்து வரும்? வெளியூர்ச் சபைகளும் சங்கங்களும் அனுப்பியது பெரும்பங்கு. உள்ளூரிலிருந்து வாரந்தவறாமல் வந்தவற்றுள் ஒன்று, ஜார்ஜியா அம்மையார் தலைமையிலான பெண்டிர் குழு கொணர்ந்து வைத்த தொகை.

பொரித்த மீன், பன்றிக் கறித்துண்டு, கீரை, சோறு ஆகியவற்றை அவர்கள் பொட்டலமாக்கினர். சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிசைந்து மாவோட்டில் இட்டுச் சுடும் இனிப்பும், வெண்ணெய் மிகுந்த கேக்கும் செய்தனர். முடி திருத்தும் நிலையங்களிலும் டாக்சி நிறுத்தங்களிலும் வீட்டு வாயில்களிலும் விற்றனர். வாங்கியவருள் வெள்ளையரும் இருந்தனர். அவருள் சிலர் தம் காசு எங்குச் செல்லும் என்று அறிந்தே வாங்கினர். சிலர் அறியாமலே வாங்கினர். தம்மை எதிர்த்து நடக்கும் போராட்டத்தின் வண்டிக்குத் தாமே எண்ணெய் வார்த்தவர் எத்தனை பேரோ!

சமைத்த பெண்களிற் பலர் வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்கள். செய்தி வெளிப்பட்டால் வேலை போகும். கணவர் வேலையும் போகும். ஆதலின் பெயர்ப் பட்டியல் இல்லை, கணக்கேடு இல்லை. எவர் சமைத்தார், எவர் வாங்கினார் என்பது அம்மையார் ஒருவர்க்கே தெரியும். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எவரேனும் கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று உண்மை போலவே சொல்லிவிடலாம். அதனால் அக்குழுவிற்கு அவர் இட்ட பெயரே அதுவாயிற்று. தமிழில் அதனை எங்கிருந்தும் வாராதார் சங்கம் என்று சொல்லலாம். பாட்டின் தொடரால் புலவரை அடையாளப்படுத்தினர் நம் முன்னோர். அடையாளமே இல்லை என்பதையே அடையாளமாக்கினார் படிப்பு மிகுதியில்லாத ஒரு சமையற்காரர். இரண்டும் பெயரிடும் கலையில் உயர்ந்தனவே.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து அவ்வாரத் தொகையை அறிவிப்பார். நூறு டாலரைத் தாண்டிய வாரங்கள் பல. பேருந்துக் கட்டணம் பத்து சென்ட்டாக இருந்த காலம் அது. கூடியிருந்தோர் கைதட்டியும் தரையைக் காலால் தட்டியும் ஆர்ப்பரிப்பர். ஊரின் மறுபக்கத்தில் ஐனஸ் ரிக்ஸ் அம்மையார் வேறொரு குழுவைத் தொடங்கினார். எவர் மிகுதியாகக் கொணர்வது என்று இரு குழுவினர்க்கும் வாரந்தோறும் போட்டி. ஊர்த் திருவிழாவில் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் போட்டியிட்டு முளைப்பாரி எடுப்பது போன்றது அது. பகையில்லாத போட்டி, தொகையை மட்டும் வளர்த்த போட்டி.

அந்நாளில் மேயராக இருந்த கேல் என்பவர், தம் பணிப்பெண்களைக் காரில் ஏற்றி வந்து விடும் வெள்ளை அம்மையார்களைக் கண்டித்தார். அவர்கள் செவிசாய்க்கவில்லை. அப்படியானால் மேயரே வந்து எங்கள் வீட்டில் சமைக்கட்டும் என்று சொன்னவரும் உண்டென்பர். ஒரு நகரம் எவர் கையால் உண்டு உயிர் வாழ்கிறது என்பது இத்தகைய வேளையில்தான் அந்நகரத்திற்கே தெரிகிறது.

1956 பிப்ரவரியில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டின் பழைய புறக்கணிப்புத் தடைச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்திருந்தனர். மார்ச் 19ஆம் நாள் கிங்கின் வழக்கு விசாரணைக்கு வந்தது. பேருந்தில் பட்ட இழிவுகளைச் சொல்லக் கறுப்பினத்தார் பலர் சாட்சிக் கூண்டில் ஏறினர். ஜார்ஜியா அம்மையாரும் ஏறினார். காசு கொடுத்துவிட்டு இறங்கியதையும், வண்டி தம்மை விட்டுப் போனதையும் ஒளிவின்றி உரைத்தார். பேருந்துக் கழகம் காசை எண்ணும்போது அதில் கறுப்பர் காசு எது, வெள்ளையர் காசு எது என்று அறிவதில்லை என்ற கருத்தையும் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தார். நகரத்தாரைச் சுட்ட சொல் அது. கிங் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 500 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. நேஷனல் லஞ்ச் கம்பெனி அம்மையாரை வேலையிலிருந்து நீக்கியது. மற்றவர் பெயரையெல்லாம் காத்தவர் தம் பெயரைச் சொல்லி ஏறிய கூண்டு அது. விலை அன்றே வசூலிக்கப்பட்டது.

வேலை போனவரிடம் கிங், பிறர்க்கு உழைத்தது போதும், உம் வீட்டிலேயே அடுப்பை மூட்டும் என்று ஊக்கினார். பாத்திரம் பண்டம் வாங்கப் பணமும் தந்தார். வீட்டு அடுப்படியே உணவு விடுதியாயிற்று. அதிகாலையில் எழுந்து சமைப்பார். நண்பகலில் வழக்கறிஞர், கூலித் தொழிலாளர், போதகர், காவலர், எழுத்தர் என்று பலதரத்தாரும் வருவர். இடம் போதாமல் ஒரு பந்தி எழ மறுபந்தி அமரும். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டனர். உணவு விடுதி எதிலும் அது நடவாத ஊரில் அந்தச் சிறு வீட்டில் அது நாள்தோறும் நடந்தது. கிங் தம் தோழர்களோடும் விருந்தினரோடும் மறைவாகக் கலந்து பேசும் இடமாகவும் அம்மேசை இருந்தது. அம்மையாரோ எவர்க்கும் பணிந்து பேசுபவர் அல்லர். உலகம் போற்றும் கிங்கையே கிடேரி என்று செல்லமாக ஏசுவாராம். நம் கரிசல் நிலத்துப் பாட்டிமார் நாக்கை அறிந்தவர்க்கு அந்த அன்பு புரியும்.

அந்தப் பந்தியின் அருமை தமிழ்நாட்டார்க்கே நன்கு விளங்கும். 1834இல் மதுரையில் தொடங்கி, பெரியகுளம், கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவிய அமெரிக்க மிஷன், 1847இல் சாதியை விட்டதற்கு ஒரு சான்று கேட்டது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உடனமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அது. உபதேசியார் பலர் மறுத்தனர்; திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டனர். ஞானஸ்நானத்திற்கு இசைந்த நெஞ்சம் ஒரு பிடி சோற்றுக்கு இசையவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும், 1925இல் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலம் உடைந்தது பாடத்தாலன்று, பந்தியால். இவற்றுக்கிடையே 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு சாதி கேளாமல் எரிந்து வருவது நமக்குப் பெரும் ஆறுதல். கோட்பாட்டில் எல்லாரையும் சமமாக்கிவிடுதல் எளிது. எவர் சமைப்பது, எவர் உடனமர்வது என்ற கேள்வியில்தான் கோட்பாடுகள் பல இடறி விழுகின்றன.

1959 பிப்ரவரியில் கிங் இந்தியா வந்தபோது மதுரைக்கும் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்திற்கும் வந்தார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்க நாட்டுத் தீண்டப்படாதார் என்று மாணவர்க்கு அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்ததாகவும், எண்ணிப் பார்த்தபின் உண்மையே என ஏற்றதாகவும் கிங் 1965இல் தம் சபையில் கூறினார். அவர் வைகை நாட்டில் கால் வைத்த நாள்களிலும் மாண்ட்கோமரியில் அந்த அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. 1956 நவம்பர் 13ஆம் நாள், இலவச வண்டிகளை நிறுத்தக் கோரி நகராட்சி தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, பேருந்தில் நிறப்பாகுபாடு செல்லாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்புச் செய்தி வந்தது. டிசம்பரில் மக்கள் மீண்டும் பேருந்தில் ஏறி விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர். சங்கத்தின் வேலை முடிந்தது. அம்மையாரின் வேலை முடியவில்லை. 1957இல் அவர் மகன் வெள்ளையர்க்கே உரிய பூங்கா ஒன்றின் வழியே குறுக்காக நடந்தமைக்காகக் காவலரால் அடிக்கப்பட்டான். தாய் நகராட்சி மீது வழக்குத் தொடுத்தார். 1959இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நகராட்சியோ பூங்காக்களைப் பொதுவாக்குவதைவிடப் பூட்டிவிடுவதே மேல் என்று எல்லாவற்றையும் மூடிவிட்டது. 1965 வரை அந்நகரில் எந்த நிறத்துக் குழந்தைக்கும் நகராட்சிப் பூங்கா இல்லை. கில்மோர் என்ற பெயரிலேயே அவ்வழக்கு மீண்டும் நடந்து, 1974இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. பெயர் தெரியாதார் சங்கத்தை நடத்தியவரின் பெயர் இன்று சட்டநூல்களில் நிற்கிறது. 1995இல் அவர் வீட்டு முன் நினைவுப் பலகையும் நாட்டப்பட்டது. உடன் சமைத்த தோழியரில் பெரும்பாலார் பெயரோ மறைந்தது மறைந்ததாகவே நின்றுவிட்டது. அவர் காத்த இரகசியம் அத்துணை உறுதியானது.

1990 மார்ச்சில், செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த வாக்குரிமைப் பேரணியின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவைக் கொண்டாட மக்கள் மீண்டும் நடந்து வந்தனர். வருவோர்க்காக அம்மையார் விடியுமுன் எழுந்து சமைக்கத் தொடங்கினார். கோழி வெந்தது; பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனியும் ஆயிற்று. அந்நாளில் அவர் நோயுற்று வீழ்ந்து இறந்தார். வயது எழுபது. இறப்பு நேர்ந்த வீட்டில் உலை வைப்பதில்லை என்பதும், உறவினர் சோறாக்கிக் கொண்டுவருவர் என்பதும் நம் பக்கத்து வழக்கம். அங்கும் துக்க வீட்டிற்கு அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுவருவதுண்டு. இந்த வீட்டில் அதற்குத் தேவை நேரவில்லை. பேரணியார்க்கென்று அவர் தம் கையால் ஆக்கி வைத்திருந்ததையே துக்கம் கேட்க வந்தவர்க்குப் பிள்ளைகள் பரிமாறினர்.